காருக்கு ‘ரேஸ்’ பெடல் மாட்டப் போறீங்களா? உஷார்! சின்ன ஸ்குரூ கழன்றாலும் பெரிய ஆபத்து

காடாம்புலியூர்:

பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலி நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலையில் காடாம்புலியூர் நெருங்கினாலே முந்திரிக்கொட்டை வாசம் மூக்கைத் துளைக்கும். முந்திரி மூட்டை ஏற்றிய லாரி, பலாப்பழ வேன், என்.எல்.சி. வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ், திடீரென குறுக்கே வரும் ஆடு, மாடு என்று எந்நேரமும் பரபரப்பு. இந்த ரோட்டில் கார் ஓட்டுபவருக்கு பிரேக் பெடல்தான் முதல் தெய்வம்.

அந்த பிரேக் பெடல் மேலேயே இப்போது ‘ஸ்டைல்’ ஏறிவிட்டது. கம்பெனி கொடுத்த கறுப்பு ரப்பரை கழற்றி வீசிவிட்டு, பளபளவென்று மின்னும் அலுமினிய கவரை மாட்டினால் சாதாரண காரும் உள்ளே ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தெரியும். சில நூறு ரூபாயில் இருந்து சில ஆயிரம் ரூபாய் வரை விதவிதமான கவர்கள் ஆன்லைனிலும், கார் அலங்காரக் கடைகளிலும் கிடைக்கின்றன. பார்க்க பந்தாவாகத்தான் இருக்கும். ஆனால் சரியாக தேர்வு செய்யாமல், சரியாக மாட்டாமல் விட்டால் அந்த பந்தா உயிருக்கே உலை வைத்துவிடும்.

பெடல் கவரை எப்படி தேர்வு செய்வது, எப்படி மாட்டுவது, எதை கவனிப்பது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

ரேசில் இருந்து வந்த பழக்கம்

மெட்டல் பெடல் பழக்கம் கார் ரேசில் இருந்து வந்தது. 2005-ம் ஆண்டு பார்முலா-1 போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். அதற்குப் பிறகு தமிழக இளைஞர்களிடம் ரேஸ் கார் மோகம் இன்னும் கூடியது.

ரேஸ் ஓட்டுபவர்கள் வளைவில் வேகத்தை குறைக்கும்போது வலது காலின் முன்பாதத்தால் பிரேக்கை மிதித்தபடியே, அதே காலின் ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்சிலேட்டரையும் லேசாக தட்டுவார்கள். கியரை குறைக்கும்போது இன்ஜின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக இந்த வித்தை. இதற்கு ‘ஹீல் அண்ட் டோ’ என்று பெயர். இதற்காகத்தான் பெடல்களை அகலமாகவும், பக்கத்தில் பக்கத்திலும் வைத்தார்கள். ஷூ வழுக்காமல் இருக்க ஓட்டைகளும், ரப்பர் குமிழ்களும் வந்தன.

கம்பெனிகளே சில மாடல்களில் மெட்டல் பெடலுடன் காரை விற்கின்றன. 2021-ம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் இதற்கு ஒரு உதாரணம். ஆனால் கம்பெனி பொருத்துவது வேறு, நாம் வாங்கி மாட்டுவது வேறு. கம்பெனி பெடல் அந்த காருக்கென்றே அளவெடுத்து செய்து, சோதனை முடித்து வருவது. ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் அச்சடித்து விற்கும் கவர், உண்மையில் எந்த காருக்கும் முழுசாக பொருந்தாது.

டெஸ்லாவுக்கே வந்த சோதனை

‘ஒரு கவர் கழன்றால் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த சம்பவமே பதில்.

2024-ம் ஆண்டு ஏப்ரலில் டெஸ்லா நிறுவனம் தனது 3 ஆயிரத்து 878 ‘சைபர்டிரக்’ வண்டிகளை திரும்ப அழைத்தது. காரணம், ஆக்சிலேட்டர் பெடல் மேல் இருந்த கவர்தான். பலமாக மிதிக்கும்போது அந்த கவர் நழுவி மேலே போய், பெடலுக்கு மேல் உள்ள உள்பக்க பாகத்தில் சிக்கிக்கொள்ளும் அபாயம் இருந்தது. சிக்கினால் காலை எடுத்தாலும் ஆக்சிலேட்டர் அழுந்தியபடியே இருக்கும். தொழிற்சாலையில் கவரை சுலபமாக மாட்டுவதற்காக அனுமதி இல்லாமல் சோப்பை உபயோகித்ததும், அந்த சோப்பு பசை பெடலில் தங்கிவிட்டதும்தான் கவர் நழுவ காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. இதனால் விபத்து நடந்ததாக தெரியவில்லை என்று டெஸ்லா கூறியது. பிறகு கவரை ரிவிட் அடித்து இறுக்கிக் கொடுத்தார்கள்.

கோடிக்கணக்கில் செலவு செய்து கார் தயாரிக்கும் நிறுவனத்துக்கே இந்த கதி என்றால், ஷெட்டில் பத்து நிமிடத்தில் மாட்டும் கவருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

மிதியடி பறித்த 4 உயிர்

இன்னொரு சம்பவம் இதைவிட கொடூரம். 2009-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி அமெரிக்காவின் சான்டியாகோ அருகே லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து அதிவேகத்தில் பாய்ந்து விபத்துக்குள்ளானது. காரில் இருந்த 4 பேரும் பலியானார்கள். காரை ஓட்டியவர் சாதாரண ஆள் இல்லை, நெடுஞ்சாலை ரோந்து போலீஸ் அதிகாரி. வேறு மாடல் வண்டிக்கு உரிய ரப்பர் மிதியடியை அந்த காரில் போட்டிருந்ததும், அதில் ஆக்சிலேட்டர் பெடல் சிக்கிக்கொண்டதும் தெரியவந்தது. அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் மிதியடி பிரச்சினைக்காக சுமார் 38 லட்சம் கார்களை திரும்ப அழைப்பதாக அறிவித்தது.

பெடல் கவரையும் மிதியடியையும் தனித்தனியாக பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த சம்பவமே சாட்சி. நம் ஊரில் கம்பெனி மிதியடி மேல் இன்னொரு கனமான மிதியடியை போடும் பழக்கம் இருக்கிறது. அதோடு பெடலில் நீளமான கவரும் சேர்ந்தால், கவரின் கீழ் ஓரம் மிதியடியில் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கதை கந்தல்தான்.

எதை வாங்கலாம்?

முதலில் கார் மாடல், தயாரிப்பு வருடம், மேனுவல் கியரா ஆட்டோமேட்டிக்கா என்பதை சொல்லி வாங்க வேண்டும். மேனுவல் காருக்கு 3 பெடல், ஆட்டோமேட்டிக் காருக்கு 2 பெடல். ஆட்டோமேட்டிக் காரின் பிரேக் பெடல் அகலமானது. அதற்கு மேனுவல் கார் கவர் சரிப்படாது. கார் கம்பெனியே அந்த மாடலுக்கு என்று விற்கும் கவர் இருந்தால் விலை கூடினாலும் அதுதான் நல்லது.

அலுமினியம் எடை குறைவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதி அதிகம், எடையும் அதிகம். பிளாஸ்டிக் மேல் குரோம் பூசிய கவரை கையில் எடுத்தாலே லேசாக இருக்கும், வளைத்தால் வளையும். சில மாதத்தில் பூச்சு உரிந்து வழுவழுவென்று ஆகிவிடும். அது வேண்டவே வேண்டாம்.

வெறும் மெட்டல் தகடும் கூடாது. மேலே ரப்பர் குமிழ்கள் நன்றாக எழும்பி இருக்க வேண்டும். நம் ஊரில் பாதிப்பேர் ரப்பர் செருப்போடும், வெறுங்காலோடும் கார் ஓட்டுபவர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் சேறு செருப்பில் அப்பிக்கொள்ளும். முந்திரி ஆலைக்குப் போய் வருபவர்களின் செருப்பில் முந்திரி ஓட்டு எண்ணெய் பிசுக்கு இருக்கும். ஈரமோ, எண்ணெயோ பட்ட மெட்டலில் கால் வைத்தால் வழுக்காமல் என்ன செய்யும்?

எப்படி பிடித்து நிற்கிறது?

கவரை விட, அது பெடலை எப்படி பிடித்து நிற்கிறது என்பதுதான் முக்கியம். கடைகளில் 4 வகை கவர்கள் கிடைக்கின்றன.

1. உறை மாதிரி இழுத்து மாட்டும் வகை. கம்பெனி ரப்பரை கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்ட வேண்டும். பின்பக்க ரப்பர் உதடு நான்கு ஓரத்தையும் கவ்விப் பிடிக்கும். அந்த மாடலுக்கே செய்ததாக இருந்தால் இது நல்ல வகை.

2. கிளாம்ப் வகை. முன்னால் ஒரு தகடு, பின்னால் பிடிமான பட்டை, நடுவில் ஸ்குரூ. இறுக்கம் சரியாக இருந்தால் நிற்கும். தளர்ந்தால் மொத்தமும் நகரும்.

3. பெடலில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கும் வகை. பிடிமானம் அதிகம். ஆனால் பெடலையே துளைக்க வேண்டியிருக்கும். இப்போது வரும் கார்களில் ஆக்சிலேட்டர் பெடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதனுடனேயே சென்சாரும் சேர்ந்திருக்கும். டிரில் போட்டால் விரிசல் விடலாம். அதனால் இந்த வகையை தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

4. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டும் வகை. வெயிலில் நிறுத்திய காரின் சூட்டில் பசை இளகிவிடும். இது ஓசியில் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

உயரம், இடைவெளி கவனம்

பல கார்களில் பிரேக் பெடல், ஆக்சிலேட்டரை விட கொஞ்சம் உயரமாக இருக்கும். அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது கால் ஆக்சிலேட்டரிலும் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஆக்சிலேட்டரில் மட்டும் கனமான கவரை மாட்டினால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பிரேக்கை மிதிக்கும் கால் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடும். பிரேக்கில் மட்டும் கனமாக மாட்டினால், ஆக்சிலேட்டரில் இருந்து பிரேக்குக்கு காலை கூடுதலாக தூக்க வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் தூரம் போய்விடும். கால் நொடி தாமதம் ஆனாலும் ஐந்தரை மீட்டர். அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் அதிகம்!

எனவே பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டு கவரும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பு பெடல்களுக்கு இடையே உள்ள இடைவெளியையும், உயர வித்தியாசத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். பக்கத்து பெடலை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் கவர் என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

மாட்டும் முறை

காரை சமதளத்தில் நிறுத்தி இன்ஜினை ஆப் செய்து, சாவியை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். டிரைவர் சீட்டை முழுசாக பின்னால் தள்ளி, மிதியடியை வெளியே எடுத்துவிடுங்கள்.

பெடலில் உள்ள மண், எண்ணெய் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் சுத்தமாக உலர்த்த வேண்டும். டாஷ்போர்டுக்கு பூசும் பாலிஷ், சோப்பு, தேங்காய் எண்ணெய் எதையும் தடவி கவரை ஏற்றாதீர்கள். டெஸ்லா கதை ஞாபகம் இருக்கட்டும்.

முதலில் ஸ்குரூ முடுக்காமல் கவரை வைத்துப் பாருங்கள். நேராக நடுவில் உட்கார வேண்டும். பிறகு ஒரு ஸ்குரூவை மட்டும் முழுசாக முடுக்காமல், எதிர் எதிர் ஸ்குரூக்களை மாற்றி மாற்றி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அதிர்வில் கழலாமல் இருக்க நைலான் வளையம் வைத்த லாக் நட் போடுவது நல்லது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்குரூ முனை கார்பெட்டிலோ, ஒயரிலோ உரசக் கூடாது.

இந்த சோதனை கட்டாயம்

இன்ஜின் ஆப்பில் இருக்கும்போதே ஒவ்வொரு பெடலையும் அடி வரை 20, 30 தடவை மிதித்துப் பாருங்கள். காலை எடுத்ததும் ஆக்சிலேட்டர் ‘டக்’கென்று மேலே வரவேண்டும். மிதியடியை போட்டு, கொக்கியில் மாட்டி, மறுபடியும் இதே சோதனையை செய்யுங்கள்.

கவரை கையால் பிடித்து மேலே, கீழே, பக்கவாட்டில் பலமாக இழுத்துப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் கழற்றிவிடுங்கள். அவசர பிரேக்கில் 50 கிலோ எடைக்கு சமமான அழுத்தம் காலில் இருந்து வரும். அதை தாங்கும் கவர்தான் காரில் இருக்க வேண்டும்.

உங்களிடம் உள்ளதிலேயே அகலமான ஷூவை போட்டுக்கொண்டு பிரேக்கை மட்டும் மிதியுங்கள். ஷூ ஓரம் ஆக்சிலேட்டரில் படக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி பிரேக் பிடித்துப் பாருங்கள். நேராக ஹைவேஸ் ஏறாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஸ்குரூக்களை மறுபடி இறுக்கிப் பார்ப்பதும், ஒவ்வொரு சர்வீசிலும் சொல்லி பார்க்க வைப்பதும் அவசியம். ரப்பர் குமிழ் தேய்ந்துவிட்டால் கவரை மாற்ற வேண்டியதுதான்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களும் பழைய ஓனர் மாட்டிய கவரை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றும் விதமாக வாகனத்தில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 2019-ம் ஆண்டு சட்ட திருத்தம் வழிசெய்தது.

ரப்பருக்கு பதில் கவர் மாட்டுவதும், பெடலையே வெட்டி, வெல்டிங் வைத்து மாற்றுவதும் ஒன்றல்ல. ஆனாலும் வாரண்டி இருக்கும் காரில் கை வைக்கும் முன்பு சர்வீஸ் சென்டரிலும், இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது பிற்பாடு தலைவலியை தவிர்க்கும்.

ஆக்சிலேட்டர் சிக்கினால்...

ஓடும் காரில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் குனிந்து கையால் எடுக்க முயற்சி செய்யக் கூடாது. பார்வை ரோட்டில்தான் இருக்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக பலமாக மிதிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அதேநேரம் கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்கு கொண்டுவர வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் நேராக நியூட்ரலுக்கு தள்ளலாம். இன்ஜின் கத்தும், பயப்பட வேண்டாம். சக்கரத்துக்கு விசை போகாது.

ஓரம் கட்டி நின்ற பிறகு இன்ஜினை ஆப் செய்யலாம். ஓடும்போதே சாவியை உருவினால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும் ஆபத்து உண்டு. பட்டன் ஸ்டார்ட் காரில் ஓடும்போது பட்டனை ஒரு தட்டு தட்டினால் இன்ஜின் நிற்காமல் போகலாம். பல மாடல்களில் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் காருக்கு எப்படி என்பதை கார் புத்தகத்தில் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெடலை வெளியில் இருந்து யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் வண்டியை நிறுத்துவது அதுதான். ஆசைப்பட்டால் நல்ல கவராக வாங்கி, சரியாக மாட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கம்பெனி ரப்பரே போதும். அது தேய்ந்துவிட்டால் புது ரப்பர் கம்மி விலைக்கே கிடைக்கும்.