கடலடியில் ஒரு குத்தூசி

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் மிளகு வாங்க வருபவர் மூட்டையை அவிழ்ப்பதில்லை. குத்தூசியைச் சாக்கில் செருகி, அதன் குழிவில் வந்து விழும் மணிகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். அந்த ஒரு பிடியைக் கொண்டு மூட்டையையும், சில மூட்டைகளைக் கொண்டு கிடங்கு முழுவதையும் மதிப்பிட வேண்டும். அடி மூட்டையில் ஈரம் இருந்தால் நட்டம் அவருடையதே.

கொச்சித் துறைமுக வாயிலுக்கு அப்பால், அரபிக்கடலின் அடியில் எண்ணெய் தேடுவோரும் இதே நிலையில்தான் உள்ளனர். ஆனால் அவர்களுடைய குத்தூசி ஓர் ஆழ்துளைக் கிணறு. ஆழ்கடலில் அதை ஒரு முறை இறக்குவதற்கே நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவாகும். ஆகவே குத்துவதற்கு முன் தட்டிப் பார்க்கிறார்கள், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதைப் போல.

இந்தத் தட்டலுக்கு நில அதிர்வு ஆய்வு என்று பெயர். ஆய்வுக் கப்பல் அழுத்தமேற்றிய காற்றை நீருக்குள் திடீரென வெளிவிட்டு ஒலியை எழுப்புகிறது. அவ்வொலி கடலடிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை, கப்பலின் பின்னே பல கிலோமீட்டர் நீளத்திற்கு இழுபடும் வடங்களிலுள்ள ஒலிவாங்கிகள் பதிவு செய்கின்றன. பதிவுகளைக் கணினியில் தொகுத்தால், ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பின் உள்ளமைப்பு ஒரு படமாக எழும்.

ஆயினும் அப்படம் மங்கலானது. எதிரொலி நமக்குத் தருவது நேரமே தவிர ஆழமன்று. ஓர் எதிரொலி 2.4 விநாடியில் திரும்புகிறது என்று கொள்வோம். ஒலியின் சராசரி வேகம் விநாடிக்கு 2,500 மீட்டர் என்றால் அந்த அடுக்கு 3,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும். 2,600 என்றால் 3,120 மீட்டரில் இருக்கும். வேகத்தில் நேரும் சிறு பிழை 120 மீட்டராகப் பெருகிவிடுகிறது. மேலும், அத்தகைய ஆழத்தில் சுமார் 25 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பிரித்தறிவது கடினம்.

கிணறோ இதற்கு நேர்மாறானது. கம்பிவடத்தில் கட்டி இறக்கப்படும் கருவிகள் ஏறத்தாழ 15 செ.மீ.க்கு ஒருமுறை பாறையின் அடர்த்தி, ஒலிவேகம், மின்தடை ஆகியவற்றை அளந்து தருகின்றன. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், எண்ணெய் கடத்தாது. பாறையின் நுண்துளைகளில் இருப்பது எது என்பதற்கு இதுவே முதன்மையான தடயம். 1927இல் பிரான்சின் ஆல்சாஸ் பகுதியில் ஷ்லம்பெர்ஜர் சகோதரர்களின் குழு முதன்முதலாக எடுத்த மின்பதிவின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆனால் கிணற்றின் கருவி அறிவது தன் சுவரை ஒட்டிய பாறையை மட்டுமே. நூறு மீட்டர் தள்ளி இருப்பதை அது அறியாது.

இவ்விரண்டையும் பிணைப்பதில்தான் கலை இருக்கிறது. கிணற்றுக்குள் ஒலிவாங்கியை இறக்கி, மேலிருந்து எழுப்பிய ஒலி எந்த ஆழத்தை எப்போது அடைகிறது என்று நேரடியாக அளக்கிறார்கள். பின்னர், கிணற்றில் அளந்த அடர்த்தியையும் வேகத்தையும் கொண்டு, அங்கே எழவேண்டிய எதிரொலியைக் கணக்கிட்டு, கப்பல் பதிவு செய்ததோடு பொருத்துகிறார்கள். இரண்டும் இணைந்தால், கிணறு காட்டிய மணற்பாறை எதுவரை பரவியுள்ளது என்பதைப் படத்தில் தொடர்ந்து செல்லலாம்.

இணைந்தாலும் உறுதி இல்லை என்பதைக் கிருஷ்ணா-கோதாவரிப் படுகை காட்டியது. அங்கே 2002இல் கண்டறியப்பட்டு 2009இல் உற்பத்தி தொடங்கிய ஆழ்கடல் வயல்களில், எடுக்கத்தக்க எரிவாயு சுமார் 10 இலட்சம் கோடி கன அடி என்று முதலில் மதிப்பிடப்பட்டது. பின்னர் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. காரணம் நிலத்தடியின் சிக்கலா, தோண்டிய கிணறுகளின் குறைவா என்பதில் அரசும் நிறுவனமும் உடன்படவில்லை. இத்துறையில் கடன் கொடுப்பவர்கள் ஒற்றை எண்ணை நம்பாமல், இவ்வளவேனும் கிடைக்க 90 விழுக்காடு வாய்ப்புண்டு என்ற தாழ்ந்த மதிப்பீட்டைக் கேட்பது நியாயமே. வீட்டுக் கடனுக்கு மனையின் மதிப்பைக் குறைத்தே போடும் மதிப்பீட்டாளரை நொந்துகொண்டவர்களுக்கு இது புரியும்.

கொச்சிக் கடலுக்கு இன்னொரு தடையும் உண்டு. பண்டை எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை இப்படுகையின் பெரும்பகுதியில் படிந்துள்ளது. அதன் அடியில் எண்ணெய் தரக்கூடிய இன்னும் பழைய படிவுகள் இருக்கலாம் என்பது அறிஞர்களின் எதிர்பார்ப்பு. ஆனால் பசால்ட், மேலிருந்து வரும் ஒலியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, எஞ்சியதையும் சிதறடிக்கிறது. கீழே இருப்பதன் படம் பனிமூட்டத்தில் தெரியும் தோணியைப் போன்றது. 2009இல் ஓ.என்.ஜி.சி. கொச்சிக்கு அப்பால் ஆழ்கடலில் கிணறு தோண்டியது. வணிகத்திற்கு ஏற்ற எண்ணெய் கிடைக்கவில்லை. இந்தியாவின் 26 படிவுப் படுகைகளில் கேரள-கொங்கண் படுகை இன்றும் மூன்றாம் வகையிலேயே, அதாவது இருப்பு உறுதிப்படாத வகையிலேயே, வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் ஒரு வெற்றுக் கிணறு வீணன்று என்றே கருதுகிறேன். அது தந்த ஒலிவேகத்தைக் கொண்டு பழைய பதிவுகளை மீண்டும் கணக்கிடலாம். அடுத்த குத்தூசிக்கு வேறோர் இடம் புலப்படலாம். இப்போதைக்கு, ஆண்டுக்கு 1.55 கோடி டன் திறனுள்ள அம்பலமுகல் சுத்திகரிப்பு ஆலைக்கான கச்சா எண்ணெய், புதுவைப்புக் கரைக்கு அப்பாலுள்ள மிதவையில் கப்பல்களிலிருந்தே இறங்கிக்கொண்டிருக்கிறது.