தோள் கொடுப்பதும் தோல் கொடுப்பதும்

பொழுது புலர்ந்ததும் நாம் பற்பசையைக் கையில் எடுக்கிறோம். அடுத்து சோப்பு, பின்பு தலைக்கு எண்ணெய், முகத்திற்குப் பவுடர், குழந்தையின் மேனிக்குக் களிம்பு. அவற்றுள் சிலவற்றின் உறைமீது, ‘மருத்துவச் சோதனையில் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருப்பதையும் காண்கிறோம். யாருடைய உடலில் மெய்ப்பிக்கப்பட்டது? இந்தக் கேள்வி நம் மனத்தில் எழுவதே இல்லை.

நாம் பயன்படுத்துமுன் எங்கோ ஒருவர் தம் முதுகை நீட்டியிருக்கிறார். வேறொருவர் தம் பற்களைக் காட்டியிருக்கிறார். அவர்கள் யார்? விருப்பத்தோடு வந்தவர்களா, வறுமையால் வந்தவர்களா? எதற்கு உடன்படுகிறோம் என்று அறிந்து கையெழுத்திட்டார்களா?

இஃது ஏதோ அயல்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது. நகரத்தில் தங்கிப் படிக்கும் மகன் ஒருநாள் வீட்டுக்குப் பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். “அம்மா, புதுக் களிம்பு ஒன்றைப் பூசிப் பார்க்க ஆள் தேடுகிறார்கள். சில வாரம் போய்வந்தால் பணம் தருவார்களாம். கையெழுத்துப் போடட்டுமா?” என்று கேட்கிறான். அந்தத் தாய் என்ன விடை சொல்வாள்? அஞ்சி ‘வேண்டவே வேண்டாம்’ என்பதா? ‘காசு வருகிறதே, போய் வா’ என்பதா? இரண்டும் ஆராயாமல் சொல்லும் விடைகளே. ஆராய்ந்து சொல்ல வேண்டுமானால், கடந்த நூற்றாண்டின் இரண்டு நிகழ்ச்சிகளை நாம் அறிந்திருத்தல் நலம்.

நஞ்சுண்ட இளைஞர்கள்

முதல் நிகழ்ச்சி 1902-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் தொடங்கியது. அந்நாளில் அங்கே உணவுப் பொருள்கள் கெடாதிருக்க வெண்காரம், ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்களைத் தாராளமாகக் கலந்து விற்றனர். இவை உடலுக்குத் தீங்கா, இல்லையா என்று உறுதியாகச் சொல்வாரில்லை. வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி, இதனைச் சோதித்தறிய முற்பட்டார். நாடாளுமன்றம் 5000 டாலர் ஒதுக்கியது.

அரசுப் பணியில் இருந்த உடல்நலம் மிக்க இளைஞர்கள் பன்னிருவர் முன்வந்தனர். அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் அவர்களுக்குப் பந்தி போடப்பட்டது. மூன்று வேளையும் இலவச உணவு. அதற்குமேல் ஊதியம் கிடையாது. அங்கே பரிமாறப்படுவதன்றி வேறெதையும் உண்பதில்லை என்று அவர்கள் உறுதி கொடுத்தனர். உண்ணுமுன் எடை, நாடி, உடல்வெப்பம் ஆகியவற்றைக் குறித்தனர். சிறுநீரும் மலமும்கூடச் சேகரிக்கப்பட்டு ஆராயப்பட்டன. முதலில் சில நாள் தூய உணவு. பின்பு சில நாள் வேதிப்பொருள் சேர்த்த உணவு. மீண்டும் தூய உணவு. இவ்வாறு ஒவ்வொருவர் உடலும் அதனோடேயே ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது.

தொடக்கத்தில் வெண்காரத்தை வெண்ணெயில் மறைத்து வைத்தனர். சில நாளில் இளைஞர்கள் வெண்ணெயைத் தொடுவதையே விட்டுவிட்டனர்! வேறு உணவுகளில் மறைத்துப் பார்த்தும் பயன் விளையாமற் போகவே, குப்பிகளில் அடைத்து வெளிப்படையாகவே விழுங்கக் கொடுத்தனர். தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை எனத் துன்பங்கள் தலைகாட்டின. செய்தித்தாள்கள் இவர்களுக்கு ‘நஞ்சுப் படை’ என்று பெயர் சூட்டின. 1906-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அச்சட்டத்திற்குக் காரணங்கள் பல. இந்த இளைஞர்களின் பந்தியும் அவற்றுள் ஒன்று.

பிறருடைய குழந்தைகள் நல்ல பாலும் நல்ல இறைச்சியும் உண்ண வேண்டும் என்பதற்காகத் தம் வயிற்றையே ஆய்வுக்கூடம் ஆக்கியவர்கள் இவர்கள். அதே வேளையில் ஒரு குறையையும் நாம் மறைக்கலாகாது. தங்களுக்கு ஏதேனும் கேடு நேர்ந்தால் அரசின்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்றும் அவர்களிடம் எழுதி வாங்கியிருந்தனர். இன்றைய நெறிமுறைகளின்படி அத்தகைய வாசகம் ஒப்புதல் படிவத்தில் இடம்பெறவே கூடாது.

சிறைச்சுவருக்குள்ளே

இரண்டாம் நிகழ்ச்சி கசப்பானது. பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை நடந்தது. கைதிகளிடையே பரவிய காற்படையைக் கவனிக்க அழைக்கப்பட்டவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். உள்ளே சென்ற அவர் கண்ணுக்கு நோயாளிகள் தெரியவில்லை; ஏக்கர் கணக்கில் தோல் தெரிந்தது. பிற்காலத்தில் அவரே இதே பொருள்படப் பேட்டியளித்தார். வளமான வயலைக் கண்ட உழவனோடு தம்மை ஒப்பிட்டும் கொண்டார்.

ஷாம்பூ, வியர்வை நாற்றம் போக்கும் பூச்சு, பாதத்திற்கான பவுடர் எனக் கடைக்கு வரவிருந்த பொருள்கள் கைதிகளின் முதுகில் கட்டம் கட்டமாக ஒட்டப்பட்டன. கொடிய நச்சுப் பொருளான டையாக்சினும் சிலர்மீது பூசப்பட்டது. படைத்துறைக்கான வேதிப்பொருள்களும் சோதிக்கப்பட்டன. கைதிகளுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் தண்டனை பெற்றவர்களே அல்லர். பிணைத்தொகை கட்ட வழியின்றி விசாரணைக்காகக் காத்துக் கிடந்தவர்கள். சிறைவேலைக்கு நாள் முழுதும் உழைத்தால் சில காசுகளே கிடைக்கும். முதுகைக் காட்டினாலோ டாலர் கணக்கில் கிடைக்கும். அவர்கள் கையெழுத்திட்டார்கள் என்பது உண்மை. எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று அறிந்திருந்தார்களா என்பதே கேள்வி.

1971-இல் கைதிகளுக்கு எழுத்தறிவிக்கச் சென்ற ஆலன் ஹார்ன்பிளம் என்ற இளைஞர், பலர் உடலில் பட்டி பட்டியாகக் கட்டுப் போட்டிருக்கக் கண்டார். அடிதடியோ என்று ஐயுற்றார். வாசனைப் பொருள் சோதனைதான் என்று எளிதாக விடை கிடைத்தது. அந்தக் காட்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1998-இல் அவர் எழுதிய நூல் இச்செய்தியை உலகறியச் செய்தது. பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2021-இலும், நகர நிர்வாகம் 2022-இலும் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் எத்தனையோ பேர் வடுக்களோடு மண்ணுக்குள் போய்விட்டனர்.

மனிதரை அவருடைய மனமுவந்த இசைவின்றிச் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்ற நியூரம்பர்க் நெறி 1947-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் நான்கே ஆண்டுகளில் ஹோம்ஸ்பர்க் தொடங்கியது. நெறி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இரண்டு நிகழ்ச்சிகளிலும் மனித உடலே சோதிக்கப்பட்டது. வேறுபாடு எங்கே? முன்னவர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள். பின்னவர்களுக்கு அந்த உரிமை பெயரளவில்தான் இருந்தது. முன்னது தோள் கொடுத்தல். பின்னது தோலை விற்றல்.

இன்று நடப்பது என்ன?

இன்றைய சோதனைகள் பெரும்பாலும் எளியவை. மிகப் பரவலானது ஒட்டுச் சோதனை. பொருளைச் சிறிதளவு ஒரு வட்டத் துண்டில் இட்டு முதுகிலோ மேற்கையிலோ ஒட்டி, ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்து எடுத்து, தோல் சிவந்திருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இஃது எரிச்சலை மட்டுமே காட்டும்.

ஒவ்வாமை அப்படியன்று. உடல் ஒரு பொருளை முதன்முறை சந்திக்கும்போது பேசாதிருக்கும். அதனை மனத்தில் வைத்துக்கொண்டு மறுமுறை சந்திக்கும்போது சீறும். ஆகவே மூன்று வாரங்களில் ஒன்பது முறை ஒட்டுவார்கள். பின் இரண்டு வார காலம் ஓய்வு. அதன்பின் தோலின் புதிய இடத்தில் மீண்டும் ஒட்டிப் பார்ப்பார்கள். ‘சில வாரம் போய்வர வேண்டும்’ என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

வெயில் தடுப்புக் களிம்பின் சோதனை வேறு வகை. முதுகில் சிறு சிறு கட்டங்கள் வரைந்து, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பைப் பூசி, கதிரவனைப் போன்ற விளக்கொளியைப் பாய்ச்சுவார்கள். பூசாத தோல் சிவக்க 10 நிமிடமும் பூசிய தோல் சிவக்க 150 நிமிடமும் ஆனால் அதன் காப்பெண் 15. சிவப்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வெளிறிய நிறத்தோரையே இதற்குத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்த அளவு தடிப்பாக நம்மில் பலர் பூசுவதுமில்லை. உறையிலுள்ள எண்ணைப் பார்த்து மயங்குவோர் இவ்விரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பயனை அறியும் சோதனைகளில் ஒரு பிரிவினருக்கு உண்மைப் பொருளும் மற்றொரு பிரிவினருக்கு அதைப் போலவே தோன்றும் வெற்றுப் பொருளும் கொடுப்பது உண்டு. யாருக்கு எது என்பது பூசிக்கொள்பவருக்கும் தெரியாது. பார்வையிடும் மருத்துவருக்கும் தெரியாது. இவ்வாறு ஒப்பிட்டு ஆராய்ந்ததால்தான் ஃபுளோரைடு கலந்த பற்பசை சொத்தையைக் குறைப்பது உறுதியாயிற்று. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1960-இல் அத்தகைய பற்பசை ஒன்றுக்கு முதன்முறையாக ஏற்பு வழங்கியது. பெயரறியாத எத்தனையோ சிறுவர் சிறுமியர் வாய்திறந்து காட்டியதன் பயனை இன்று நம் பிள்ளைகள் நுகர்கின்றனர்.

அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2013-இல் முழுமை பெற்றது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தோலும் கணிப்பொறியும் ஓரளவு கைகொடுக்கின்றன என்றாலும், இறுதியில் மனிதத் தோலின் சான்று தேவைப்படுகிறது. ஆகவே மகனின் கேள்வி இனி அரிதான கேள்வியன்று.

கையெழுத்துக்கு முன்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பர் நம் முன்னோர். ஆழம் பார்க்க வழி உண்டா? உண்டு.

முதலாவது, இந்த ஆய்வை எந்த நெறிமுறைக் குழு ஏற்றது என்று கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிகளின்படி, அக்குழுவில் மருத்துவர் மட்டுமன்றிச் சட்டம் அறிந்தவரும், பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவராய் இருத்தல் வேண்டும். எந்தக் குழுவின் ஒப்புதலும் இல்லையேல் அந்த வாயிலை மிதியாதிருப்பதே நன்று.

இரண்டாவது, தகவல் தாள் நமக்குப் புரியும் மொழியில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவர் ஆங்கிலத் தாளில் கையெழுத்திடுவது ஒப்புதல் ஆகாது. தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெரியவர்களோடு கலந்து பேசக் காலம் கேட்கலாம். “இப்போதே போடுங்கள்” என்று அவசரப்படுத்துவோரிடம் ஐயம் கொள்வதில் தவறில்லை. கையெழுத்திட்ட பின் ஒரு படி நம்மிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, நள்ளிரவில் தோல் தடித்தால் யாரை அழைப்பது என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று நோக்க வேண்டும்.

நான்காவது, இடையில் விலகும் உரிமை. காரணம் சொல்லாமலே எந்த நாளிலும் விலகலாம். கடைசி நாள்வரை வந்தால்தான் ஒரு காசும் தருவோம் என்பது விலகும் உரிமையின் கழுத்தை நெரிப்பதாகும்.

ஐந்தாவது, ஆய்வு பதிவு செய்யப்பட்டதா என்று வினவலாம். இந்தியாவில் மருத்துவச் சோதனைகளுக்கான பொதுப் பதிவேடு 2007-இல் தொடங்கப்பட்டது. அதனை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

சிறுவர்களைச் சேர்ப்பதானால் பெற்றோரின் ஒப்புதல் இன்றியமையாதது. ஏழு வயது நிரம்பிய பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேற்பட்டவரிடம் அதனை எழுத்தில் பெற வேண்டும். பிள்ளை ‘மாட்டேன்’ என்றால் அச்சொல்லுக்கு மதிப்பு உண்டு.

உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் உண்டு. தமக்குள்ள ஒவ்வாமையையோ உட்கொள்ளும் மருந்தையோ கருவுற்றிருப்பதையோ மறைப்பவர் தம்மையும் கெடுத்து ஆய்வையும் கெடுக்கிறார். பணத்திற்காக ஒரே காலத்தில் இரண்டு ஆய்வுகளில் சேர்வதும், பூசாமலே பூசியதாகக் குறிப்பேட்டில் எழுதுவதும் பொய்ச் சான்று கூறுவதே. அந்தப் பொய்யை நம்பித்தான் நாளை ஒரு தாய் தன் கைக்குழந்தைக்கு அக்களிம்பைப் பூசுவாள்.

தாயின் விடை

பணம் வாங்குவது இழுக்கா? அன்று. போக்குவரத்துச் செலவும், இழந்த நேரத்திற்கு ஈடும் பெறுவது முறையே. ஆனால் அந்தத் தொகை இல்லாவிட்டால் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது, அடுப்பு எரியாது என்ற நிலையில் போடும் கையெழுத்து, ஹோம்ஸ்பர்க் கைதியின் கையெழுத்துக்கு மிக அருகில் நிற்கிறது. பசித்தவனுடைய ‘சரி’ முழுச் ‘சரி’ ஆகாது. அந்தப் பசிக்கு வழி தேட வேண்டியது குடும்பத்தாரும் ஊராரும் ஆவர், ஆய்வுக்கூடம் அன்று.

ஆகவே அந்தத் தாய் மகனிடம் இப்படிச் சொல்லலாம்: “தம்பி, பணம் ஒரு காசும் தரமாட்டோம், பஸ் கட்டணம் மட்டும் தருவோம் என்றாலும் போவாயா? யோசித்துப் பார். போவேன் என்றால், அந்தத் தாளைக் கொண்டு வா; எல்லாரும் உட்கார்ந்து படிப்போம். போகமாட்டேன் என்றால், பணத்துக்கு என்ன முடை என்று என்னிடம் சொல்.”

நாளைக் காலை பற்பசையைக் கையில் எடுக்கும்போது, முகமறியாத அந்த மனிதர்களை ஒரு கணம் நினைப்போம். அவர்களுள் மனமுவந்து முன்வந்தவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். வஞ்சிக்கப்பட்டு வந்தவர்களுக்கோ, அது மீண்டும் நிகழவிடோம் என்ற உறுதியைக் கடன்பட்டிருக்கிறோம்.