கடைக்கு இடம் பார்த்தல்

அமெரிக்கப் பெருநகரங்களைச் சூழ்ந்து கிடக்கும் புறநகர்களில் ஏதேனும் ஒன்றில், பழைய கடை ஒன்று மூடப்பட்டு, அதன் கண்ணாடிகளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டார்களானால், அந்த இடத்துக்கு ஹோல் ஃபுட்ஸ் வரப்போகிறது என்று சிலரும், இல்லை, டிரேடர் ஜோஸ்தான் வரப்போகிறது என்று வேறு சிலரும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். நகர மன்றக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதைப்பற்றிக் கேள்வி கேட்கிறார். வீட்டுத் தரகர்களோ எல்லாம் தெரிந்தவர்கள்போலப் புன்னகை செய்கிறார்கள். ரொட்டியும் பாலும் கீரையும் விற்கிற ஒரு மளிகைக் கடையின் வருகைக்கு இத்தனை ஆரவாரமா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அங்குள்ள ஜனங்கள் அதை மளிகை விஷயமாக மட்டும் கருதுவதில்லை. தங்கள் ஊரின் தராதரத்தைப் பற்றி வெளியார் ஒருவர் வழங்கும் நற்சாட்சிப் பத்திரமாகவே கருதுகிறார்கள். எங்கள் ஊருக்கும் வாருங்கள் என்று பொதுமக்கள் கேட்டு எழுதுவதற்கென்றே டிரேடர் ஜோஸ் நிறுவனம் ஒரு படிவம் வைத்திருக்கிறது. அந்த நற்சாட்சிப் பத்திரத்தை வழங்குகிறவர்கள் ஓர் ஊரில் எதைப் பார்த்து அதை வழங்குகிறார்கள் என்பதே இங்கு நாம் விசாரிக்க எடுத்துக்கொண்ட பொருள்.

மளிகை வர்த்தகத்தில் லாபம் மிகச் சொற்பம். நூறு டாலருக்குச் சரக்கு விற்றால், ஆட்களின் சம்பளம், வாடகை, மின்சாரம், அழுகிப்போன பழங்கள் எல்லாம் போகக் கையில் நிற்பது சாதாரணமாக ஒரு டாலருக்கும் மூன்று டாலருக்கும் நடுவில்தான். வாடகை ஒப்பந்தமோ பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கென்று எழுதப்படுவது. குளிர்பதன இயந்திரங்களையும் சமையற்கூடத்தையும் ஒருமுறை அமைத்துவிட்டால் அவற்றைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் போவது சாத்தியமில்லை. ஆகவே, பெண்ணுக்கு வரன் பார்க்கும் குடும்பத்தாரைப்போல, இவர்கள் ஆயிரம் விசாரிக்கிறார்கள். அவ்வளவு விசாரித்தும் சில சமயம் தவறிவிடுகிறது. 1916-ல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் தொடங்கி இன்றும் ஒரே குடும்பத்தின் கையிலிருக்கும் வெக்மன்ஸ் மளிகை நிறுவனம், ஆண்டுக்குச் சில கடைகளுக்கு மேல் திறக்காத நிதானத்துக்குப் பேர் போனது. அதுவே, பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள நேட்டிக் நகரப் பேரங்காடியில் 2018-ல் திறந்த ஒரு பிரம்மாண்டமான கடையை 2023-ல் மூட வேண்டியதாயிற்று. பேரங்காடிக்கு உல்லாசமாக வந்தவர்கள் வாரச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போக வரவில்லை போலும்.

ஹோல் ஃபுட்ஸ் நிறுவனம் தனக்கு எத்தகைய இடம் வேண்டும் என்பதை ஒளித்து வைத்ததில்லை. நிலம் வைத்திருப்பவர்களின் கவனத்துக்காக அது வெளிப்படையாக அறிவித்து வந்த நிபந்தனைகளைப் படித்தால், கடைக்கு இருபத்தையாயிரம் முதல் ஐம்பதினாயிரம் சதுர அடி வேண்டும், கார் நிறுத்த இடம் தாராளமாக வேண்டும், தெருவிலிருந்து பார்த்தால் கடை கண்ணில் பட வேண்டும், சிக்னல் உள்ள சந்திப்பு வழியாக உள்ளே நுழைய முடிய வேண்டும், இருபது நிமிஷ கார்ப் பயணத்துக்குள் இரண்டு லட்சம் பேர் வசிக்க வேண்டும் என்றெல்லாம் வியாபாரிகளுக்கே உரிய கோரிக்கைகள் வருகின்றன. அவற்றின் நடுவே, அந்த வட்டாரத்தில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் பெருந்தொகையினராக இருக்க வேண்டும் என்ற ஒன்றும் அமைதியாக நிற்கிறது. பணக்காரர்கள் வேண்டும் என்று அந்தப் பட்டியல் கேட்கவில்லை. விலை உயர்ந்த கடை என்று பெயரெடுத்து, சம்பளம் முழுவதையும் விழுங்கிவிடும் என்று அமெரிக்கர்களாலேயே பரிகாசம் செய்யப்படுகிற ஒரு நிறுவனம், வருமானத்தைக் கேளாமல் பட்டத்தைக் கேட்பானேன்?

மரியாதை கருதி வருமானம் என்ற சொல்லைத் தவிர்த்துப் பட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருவர் வாதிக்கலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் காரணம் அதைவிட ஆழமானது என்பது என் அபிப்பிராயம். ரசாயன உரமில்லாமல் விளைந்த கீரைக்கு அதிக விலை கொடுக்கிறவன், கையில் பணமிருப்பதால் மட்டும் கொடுப்பதில்லை; உறையின் பின்புறத்தில் பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பதைத் திருப்பிப் பார்த்துப் படிக்கும் பழக்கமுள்ளவனாக இருப்பதால் கொடுக்கிறான். அந்தப் பழக்கம் செல்வத்தோடு வருவதைக் காட்டிலும் படிப்போடு வருவதே அதிகம். ஹோல் ஃபுட்ஸின் முதற்கடை 1980-ல் டெக்ஸஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டின் நகரில் பிறந்தது என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இந்த ரகசியத்தை அதற்கும் முன்பே கண்டுகொண்டவர் ஜோ கூலோம் என்பவர். ஸ்டான்ஃபோர்டில் படித்தவர், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் பிராண்டோ என்ற பெயரில் சில சிறு கடைகளை நடத்திவந்தார். செவன் இலெவன் என்னும் பெரிய சங்கிலி அங்கே கால்வைக்கப் போகிறது என்று தெரிந்ததும், அதனோடு அதன் முறையிலேயே போட்டியிட்டால் அழிந்துபோவோம் என்று உணர்ந்து, வேறொரு மார்க்கம் தேடினார். அப்போது அவர் கவனத்தைக் கவர்ந்தவை இரண்டு செய்திகள். இரண்டாம் உலகப் போரில் சேவை செய்து திரும்பியவர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிக் கதவுகளைத் திறந்துவிட்டதிலிருந்து பட்டதாரிகளின் தொகை பெருகிக்கொண்டே வந்தது ஒன்று. போயிங் 747 என்ற ராட்சத விமானம் வரப்போவதால் அயல்நாட்டு யாத்திரையின் செலவு வெகுவாகக் குறையப்போகிறது என்பது மற்றொன்று. நிரம்பப் படித்து, வெளிநாட்டுக்குப் போய்வந்து, அங்கே ருசி கண்ட பாலாடைக்கட்டியையும் திராட்சை மதுவையும் ஊர் திரும்பிய பின்பும் நாவில் வைத்துக்கொண்டு, ஆனால் அவற்றை வாங்கத் தாராளமான சம்பளம் இல்லாமல் இருக்கப்போகிற ஒரு வர்க்கம் உருவாகிறது என்று அவர் கணக்கிட்டார். பள்ளி ஆசிரியர்கள், சங்கீத வித்வான்கள், பத்திரிகையாளர்கள், அருங்காட்சியக உத்தியோகஸ்தர்கள் ஆகியோரைத் தம் வாடிக்கைக்காரர்களாக வரித்துக்கொண்டு, 1967-ல் பாஸடீனா நகரத்து அரோயோ பார்க்வே சாலையில் முதலாவது டிரேடர் ஜோஸைத் திறந்தார். பாஸடீனா என்பது கால்டெக் என்னும் விஞ்ஞானக் கலாசாலை அமைந்த ஊர். அந்த முதற்கடை இன்றும் அங்கேயே நடக்கிறது. 1979-ல் நிறுவனத்தை ஜெர்மனியின் ஆல்டி நோர்ட் குடும்பத்துத் தியோ ஆல்பிரெக்ட் வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் ஹோல் ஃபுட்ஸ், டிரேடர் ஜோஸ் ஆகிய இவ்விரு நிறுவனங்களின் புதிய கடைகள் பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் அண்டையில் முளைப்பதைக் காணும்போது, மாளிகைகள் மிகுந்த புறநகர் ஒன்று ஏன் பல ஆண்டு காத்துக் கிடக்கிறது என்பது விளங்கிவிடும். மாளிகைகள் பெரிய மனைகளில் விலகி விலகி நிற்பவை. எத்தனை செல்வம் குவிந்திருந்தாலும் அங்கே வாய்களின் எண்ணிக்கை குறைவு.

இருபது நிமிஷம் என்று சொன்னேனே, அது மைல் கணக்கில் சொல்லப்படாததற்கு முகாந்தரம் உண்டு. 1931-ல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரைலி, பெரிய ஊர் தூரத்திலிருப்பவரையும் இழுக்கும், சிறிய ஊர் அண்டையிலிருப்பவரை மட்டுமே இழுக்கும் என்று நியூட்டனின் ஈர்ப்பு விதியை வியாபாரத்துக்குப் பொருத்திக் காட்டினார். அது ஊர்களுக்குப் பொருந்தியது. மளிகைக் கடைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் குரோகர் என்னும் மளிகை நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் ஆப்பிள்பாம், கடைக்கு வந்தவர்களின் முகவரிகளைக் கேட்டறிந்து, வரைபடத்தில் வீட்டுக்கு வீடு புள்ளி வைத்துப் பார்த்தார். ஒரு கடையின் எல்லை வட்டமாக இருப்பதில்லை, கை கால் நீட்டிய உருவமாக இருக்கிறது என்பதை இப்படிப் புள்ளி வைத்தவர்கள்தாம் கண்டார்கள். ஆறு குறுக்கிட்டால் எல்லை சுருங்குகிறது. நல்ல சாலை அமைந்தால் நீளுகிறது. கண்ணுக்கெதிரே தெரிகிற குடியிருப்புக்கூட, இடையில் ஒரு நெடுஞ்சாலை ஓடி அதைக் கடக்கப் பாலம் இல்லையானால் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

இத்தனை சாஸ்திரங்களும் முடிந்த பிறகு விஷயம் ஒரு தெருமுனையில் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. ஆகையால் அங்கே வலப்புறம் திரும்புவது எளிது, இடப்புறம் திரும்புவதோ எதிரே வரும் வண்டிகளின் வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது. காலையில் வேலைக்குப் போகிறவர் பால் வாங்க நிற்பதில்லை. மாலை ஐந்தரை மணிக்குக் களைத்துத் திரும்புகிறவரே இராச் சாப்பாட்டை எண்ணிக்கொண்டு வண்டியைத் திருப்புகிறார். ஆதலால் நகரத்திலிருந்து வீடு நோக்கிப் போகும் பாதையின் வலப்பக்க மனைக்கு ஒரு மதிப்பு; எதிர்ப்பக்க மனைக்கு, அங்கே ஒரு சிக்னல் விளக்கு இல்லாத வரையில், வேறு மதிப்பு. அகலம் ஒன்றே, மண் ஒன்றே, வாடகை மட்டும் ஒன்றல்ல. உள்ளே நுழைந்த பின்பும் கவலை தீர்வதில்லை. ஆயிரம் சதுர அடிக்கு நான்கைந்து கார்களுக்கு இடம் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. முப்பதாயிரம் சதுர அடிக் கடை நூற்றிருபது முதல் நூற்றைம்பது கார்களுக்கு இடம் கேட்கும். டிரேடர் ஜோஸின் கார் நிறுத்துமிடங்கள் நெருக்கடிக்குப் பேர் பெற்றவை. கடை சிறியது, அந்த அளவுக்குத் தக்க இடம்தான் கிடைக்கிறது என்பது அவர்கள் சமாதானம். அந்த நெரிசலை எண்ணி எவரும் வராமல் இருப்பதாகத் தெரியவில்லை.

சட்டமும் ஒரு பக்கம் நிற்கிறது. மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம் மது விற்க இத்தனை உரிமங்களுக்கு மேல் பெறக்கூடாது என்று வரம்பு உண்டு; முன்பு மூன்றாக இருந்து, படிப்படியாக ஏறி, 2020 முதல் ஒன்பது. மலிவான திராட்சை மதுவை விற்றே பேரெடுத்த டிரேடர் ஜோஸுக்கு இது சாமான்யமான இடையூறு அன்று. இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது: ஊரை விட்டுப் போகிற பழைய சூப்பர் மார்க்கெட், தன் இடத்தை விற்கும்போது, இங்கே இனி மளிகைக் கடை நடத்தலாகாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போவதுண்டு. தான் தின்னாததைப் பிறரும் தின்னலாகாது என்னும் இந்தச் சுபாவத்தால் காலியான மனைகள் பல ஊர்களில் காலியாகவே கிடக்கின்றன.

பட்டதாரிகளின் தொகையைக் கணக்கிட்டு வரையப்படும் வரைபடம் யாரை விட்டுவிடுகிறது என்பதையும் சொல்லாமல் போவது நியாயமாகாது. 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுகூலங்கள் போரிலிருந்து திரும்பிய கறுப்பின மக்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. புதிய புறநகர்கள் பலவற்றில் அவர்கள் வீடு வாங்கவே இயலாதபடி தடைகள் இருந்தன. அன்று ஒதுக்கப்பட்ட வட்டாரங்களே இன்று மளிகை நிறுவனத்தின் கணக்கிலும் தகுதியற்றவையாகத் தோன்றுகின்றன. ஹோல் ஃபுட்ஸ் இதற்கு விலக்காக 2013-ல் டெட்ராய்ட் நகரின் நடுப்பகுதியிலும், 2016-ல் சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியிலும் கடை திறந்தது. எங்கிள்வுட்டில் அந்த வளாகத்தை அமைக்க நகராட்சி ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. கடையோ 2022 நவம்பரில் மூடப்பட்டது. டெட்ராய்ட் கடையின் அண்டையில் ஒரு பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் இருக்கின்றன, எங்கிள்வுட்டுக்கு அத்தனை பெரிய நிறுவனங்களின் அண்டை வாய்க்கவில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியான துணிச்சல் இரண்டிடங்களில் இரண்டு கதியடைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டு மதிப்பைப் பற்றிய பேச்சும் கடைகள் இடம் தேர்ந்தெடுக்கும் முறையைச் சார்ந்ததுதான். ஹோல் ஃபுட்ஸ், டிரேடர் ஜோஸ் கடைகளின் அண்டையிலுள்ள வீடுகள் மற்ற வீடுகளைக் காட்டிலும் வேகமாக விலையேறின என்று, வீட்டு விலைகளைத் தொகுக்கும் ஸில்லோ நிறுவனத்தார் 2015-ல் வெளியிட்ட நூலில் காட்டினார்கள். கடை வந்ததால் விலை ஏறிற்றா, ஏறப்போகிற இடத்தைக் கடைக்காரர் முன்கூட்டியே கண்டுகொண்டாரா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. தரகர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

நியூஜெர்ஸிப் புறநகர்களில் வாழும் நம்மவர்களும் பட்டதாரிகள் கணக்கில் சேர்ந்தவர்களே. ஆனால் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் அவர்கள் போவது 1974-ல் சிகாகோவின் டெவன் அவென்யூவில் தொடங்கிய பட்டேல் பிரதர்ஸ் என்னும் இந்திய மளிகை நிறுவனத்தின் கடைகளுக்கு. அந்தக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் வரைபடம் வேறு.

இனிப் புதிய கடைகள் எங்கே வரும்? 2017-ல் ஹோல் ஃபுட்ஸை ஏறத்தாழ 1,370 கோடி டாலருக்கு அமேசான் வாங்கிய பிறகு, எந்த வீட்டார் எதை வரவழைக்கிறார்கள் என்ற விவரமே கைவசம் இருக்கும்போது, பட்டதாரிகளை எண்ணும் வேலை பாதி தேவையற்றதாகிவிட்டது. வீட்டு விலை தாங்காமல் படித்த இளங்குடும்பங்கள் மேலும் மேலும் வெளியே குடியேறுவதால் இருபது நிமிஷ எல்லைகளும் அவர்களோடு நகருகின்றன. அந்த வெளிப்புற ஊர்களில் புதிதாகக் கட்டிடம் எழுப்ப அனுமதி பெறுவதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும். வீட்டுச் சாமான்கள் விற்றுவந்து 2023-ல் திவாலான பெட் பாத் அண்ட் பியாண்ட் போன்ற நிறுவனங்கள் காலி செய்துவிட்டுப் போன கூடங்களோ ஏற்கெனவே நல்ல சாலையில், சிக்னலோடும் கார் நிறுத்துமிடத்தோடும் நிற்கின்றன. அவற்றில் பல மளிகைக்கு ஏறக்குறையச் சரியான அளவுள்ளவை. படுக்கை விரிப்பு விற்ற கூடத்தில் மீன் விற்க வேண்டுமானால் தரையைத் தோண்டி வடிகால் பதிக்க வேண்டும், மின்சார இணைப்பைப் பெருக்க வேண்டும், விடியுமுன் வருகிற லாரிகள் பின்புறம் திரும்ப வழி செய்ய வேண்டும். இந்தச் செலவில் எத்தனை பங்கை இடத்துக்காரர் ஏற்றுக்கொள்வார் என்ற பேரம் முடிகிற இடத்தில்தான் கண்ணாடிகளில் ஒட்டிய காகிதம் கிழிக்கப்படுகிறது.