உஷார்! உங்க புல் வெட்டும் மிஷினில் சங்கிலி மாட்டியிருக்கா?

வீட்டில் புல் வெட்டும் மிஷின் இருக்கிறதா? எழுந்துபோய் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. நுனியில் இருப்பது நைலான் கயிறா, இரும்புச் சங்கிலியா? அதற்கு மேலே கருப்புத் தடுப்பு இருக்கிறதா, கழற்றிப் போட்டாச்சா?

சங்கிலி என்றால் இன்றைக்கு அந்த மிஷினைத் தொடாதீங்க!

ஜாசின் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். பால்மரத்தில் தொடங்கி செம்பனையில் ஓய்வுபெற்ற ஒரு அண்ணன். வீட்டுக்குப் பின்னால் வாழையும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். புல் தொல்லை தாங்காமல் பழைய மிஷின் ஒன்றை மலிவாக வாங்கினார். "நைலான் அடிக்கடி அறும் அண்ணே. இதைப் போட்டா லாலாங்கே நிக்காது" என்று கடைக்காரர் சங்கிலித் துண்டுகளை மாட்டிக் கொடுத்தார். சங்கிலி இடிக்கிறது என்று தடுப்பையும் கழற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை. இலவசமாம்!

மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம் அண்ணன் கோயில் வளாகத்தில் புல் வெட்டுகிறார். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து பத்தடி தள்ளி நின்று கூப்பிடுகிறார். மிஷின் சத்தத்தில் அண்ணனுக்குக் கேட்கவில்லை. ஒரு கல். சுண்டுவிரல் நகம் அளவுதான். நேரே அண்ணியின் வலது கண்.

பார்வை திரும்பவே இல்லை.

நம்ம மலாக்கா மண்ணைத்தான் தெரியுமே. போர்த்துக்கீசியர் ஆ பாமோசா கோட்டையைக் கட்டினதே இந்தச் செம்புறைக்கல்லில்தான். அதே கல் பொடிப்பொடியாக நம்ம புல்லுக்கடியிலும் கிடக்கிறது. மழை பெய்து மண் கரைந்தால் இன்னும் மேலே வரும். மிஷின் நுனியில் பத்து அங்குல வட்டு நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். நெடுஞ்சாலையில் 110ஐத் தாண்டினாலே நமக்கு சம்மன் வருகிறது! 15 மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது என்று பொதுவாக மிஷினிலேயே படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். அண்ணி நின்றது மூன்று மீட்டரில்.

சங்கிலி கல்லைவிட மோசம். கல்லே வேண்டாம். ஒரு கண்ணி அறுந்தால் அதுவே தோட்டா. பிரிட்டனில் அப்படிப் பறந்த கண்ணி ஓர் ஆளைக் கொன்றது. அதற்குப் பிறகு 2012இல் இரும்புத் துண்டுகளைக் கோத்த இந்த மாதிரி இணைப்புகளை விற்கவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது.

கடையில் "தடுப்பு இருந்தா புல்லு சிக்கும்" என்றாலோ, "கண்ணாடியெல்லாம் புதுசா பழகுறவங்களுக்கு" என்றாலோ பேரம் பேசாதீங்க, கிளம்புங்க. வேறு கடையில் வாங்கினாலும் அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஆக்சிலேட்டரை விட்டதும் நுனி நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால் அந்த மிஷின் வேண்டாம். தண்டு கையில் கிடுகிடுவென்று ஆடினாலும் வேண்டாம். பாசார் மாலாமில் வாங்கின கூலிங் கிளாஸ் கல்லைத் தாங்காது. முகத்தை மூடும் தடுப்பே வேண்டும். அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்துக்கொண்டு போங்க.

மருந்தடிக்கும் தோம்புக்கும் இதே பயம்தான் எனக்கு. வாங்கும்போது தண்ணீர் ஊற்றி, முதுகில் மாட்டி, குனிந்து பாருங்க. சட்டை நனைந்தால் அங்கேயே வைத்துவிடுங்க. தோட்டத்தில் மருந்தடித்த நம்ம அம்மாக்களுக்கு நகம் கழன்றதும் மூக்கில் ரத்தம் வந்ததும் மறந்துபோச்சா? 2020 ஜனவரி 1 முதல் பேராகுவாட் களைக்கொல்லிக்கு நம்ம நாட்டில் தடை. ஆனாலும் கொட்டகை மூலையில் பழைய போத்தல் ஒன்று கிடக்கலாம். லேபிள் உரிந்திருந்தால் இன்னும் ஆபத்து. ஒரு மடக்கு உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது. பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடமா என்று இப்பவே பாருங்க.

செம்பனைக் குலை அறுக்கவோ ரம்புத்தான் பறிக்கவோ அலுமினியக் கம்பு வாங்கினீங்களா? தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகுதான் தூக்கணும். கம்பு கம்பியில் பட்டால் உதறிவிடக்கூட நேரம் இருக்காது.

அந்த அண்ணன் இப்போது மிஷின் பக்கமே போவதில்லை. கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.

சங்கிலியோடு.