வண்டின் முதுகெலும்பு

வண்டு எனப் பெயர் பெற்ற ஜெர்மானிய மகிழுந்து வோக்ஸ்வாகன் பீட்டில். 2003இல் மெக்சிகோவில் அதன் உற்பத்தி முடிவுற்றது. அதனைப் புதுப்பிப்போர் பலர் முதலில் வண்ணம் பூசவே விழைகின்றனர், நோயோ அடியில்! நடுவே ஓடும் எஃகு முதுகெலும்பும் அதன் இருபுறத் தளத்தகடுகளுமே அடிச்சட்டம். பின்னிருக்கையின் கீழுள்ள பேட்டரியின் அமிலம் கசிந்து, அவ்விடத்துத் தகட்டை அரித்துவிடும். மேற்கூட்டைக் கழற்றியபின் இரு தகடுகளையும் ஒருசேர வெட்டலாகாது. சட்டம் முறுகினால் மேற்கூட்டின் போல்ட் துளைகள் பொருந்தா. ஒன்றை வெட்டி, அளந்து, பற்றவைத்த பின்னரே மற்றது.

பின்புறத்து நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை. விசிறிக் காற்றும் ஏறத்தாழ 2.5 லிட்டர் எண்ணெயுமே அதனைக் குளிர்விக்கின்றன. அக்காற்றை நெறிப்படுத்தும் தகர உறைகளைச் சிலர் வேண்டாதவையெனக் கழித்துவிடுகின்றனர். அவையின்றி ஓட்டினால், செப்பனிட்ட எஞ்சினும் மிகைச்சூட்டில் பழுதாகும்.