மிஞ்சிய வர்ணம்

தை பிறக்குமுன் வீட்டைப் புதுப்பிப்பது நம் வழக்கம். வேப்பந்தட்டை வட்டாரத்து ஊர்களிலும் மார்கழிக் கடைசியில் சுவருக்கு வெள்ளையும், கதவு சன்னல்களுக்கு வர்ணமும் பூசுவர். வேலை முடிந்ததும் ஒரு வினா எழுகிறது. கால் பங்கு மிஞ்சிய டப்பாவை என்ன செய்வது? பெரும்பாலும் அது பரணில் ஏறிவிடும். மறு ஆண்டு இறக்கிப் பார்த்தால், பெயிண்டு கல்லாய் இறுகியிருக்கும். அல்லது மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாறும்.

நம் முன்னோர் இதற்கு விடை கண்டிருந்தனர். மிஞ்சிய நீற்றுச் சுண்ணாம்பைப் பானையிலிட்டு, அதன்மேல் நான்கு விரற்கடை நீர் நிற்கும்படி ஊற்றி மூடி வைத்தனர். மாதக் கணக்கானாலும் அது வெண்ணெய்போல் இருந்தது. காரணம் யாதெனில், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி மீண்டும் கல்லாக இறுகும் இயல்புடையது. மேலே நின்ற நீர் அக்காற்றைத் தடுத்துவிட்டது.

இன்றைய பெயிண்டுகளுக்கும் காற்றே பகை. கதவுகளுக்குப் பூசும் எனாமல் பெயிண்டு, காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. ஆகவேதான் பாலின்மேல் ஆடை படிவதுபோல் அதன்மேல் படலம் படிகிறது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் நீரோடு சேர்ந்தது. நீர் வற்றினால் இறுகும். கிருமிகள் புகுந்தால் கெட்டு நாறும்.

ஆதலால், பெரிய டப்பாவில் சிறிதளவு மிஞ்சினால் அதற்கேற்ற சிறிய டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளே காற்றுக்கு இடம் குறையும். விளிம்பில் ஒட்டிய பெயிண்டைத் துணியால் துடைத்து, மூடியின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துத் தட்டி இறுக்குக. மூடியை நேரே சுத்தியலால் அடித்தால் அது நெளிந்து காற்றுக்கு வழிவிடும். நீர் கலந்து மிஞ்சிய எமல்ஷனை மூல டப்பாவில் திரும்ப ஊற்றுதல் ஆகாது. நல்லதும் அதனால் கெடும். நிறத்தின் பெயர், எண், எந்த அறைக்குப் பூசியது, எந்த நாள் என்பவற்றை டப்பாவின் பக்கத்தில் எழுதுக. மூடியில் எழுதினால், மூடி மாறும்போது குறிப்பும் மாறிப்போகும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையின் கீழும், அடுப்பின் அருகிலும் வையாமல், குழந்தைகளுக்கு எட்டாத நிழலான இடத்தில் வைக்க வேண்டும்.

டர்பன்டைனையும் மண்ணெண்ணெயையும் குடிநீர்ப் புட்டிகளிலோ சோடாப் புட்டிகளிலோ ஊற்றி வைப்பது பெருந்தவறு. தாகத்தோடு வரும் குழந்தை அதை நீரென்றே எண்ணும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தைகளையும் குவித்து வைத்தலாகாது. அவை தாமே சூடேறித் தீப்பற்றுவதுண்டு. விரித்துக் காயவைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

எல்லாவற்றையும் பாதுகாக்க வேண்டுமென்பதும் இல்லை. பழைய எனாமல் பெயிண்டுகளில், சிறப்பாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டு வந்தன. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அதனால், வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்குமேல் ஈயம் இருத்தல் கூடாதென இந்திய அரசு 2016-ஆம் ஆண்டில் விதி செய்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட டப்பா பரணில் இருப்பின், அதைத் தொட்டிலுக்கோ விளையாட்டுப் பொருளுக்கோ பூச வேண்டாம்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குப் பூசவும் அது வேண்டாம். மிஞ்சிய பெயிண்டு கொம்புக்கு ஆகட்டும் என்பது பலரும் செய்யும் சிக்கனம். ஆனால் மாடுகள் ஒன்றையொன்று நக்கும் பழக்கமுடையவை. கன்றுகளோ எதையும் நக்கிப் பார்க்கும். ஈயம் கால்நடைகளைக் கொல்லவும் வல்லது. உழைத்த மாட்டுக்கு நன்றி சொல்லும் நாளில் அதற்கு நஞ்சூட்டலாமா? டப்பாவின்மேல் ஈய அளவு வரம்புக்கு உட்பட்டதென்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்துக்கொள்க. ஐயமிருப்பின் காவியும் மஞ்சளுமே போதும்.

பயனற்ற பெயிண்டைச் சாக்கடையிலும் கிணற்றோரத்திலும் கொட்டலாகாது. போகி நெருப்பில் டப்பாவை எறிவது அதனினும் கொடிது. மூடிய டப்பா வெடிக்கும். பழைய பெயிண்டின் புகையில் நஞ்சு கலந்து வரும். கெட்டுப்போன எமல்ஷனை மணலிலோ மரத்தூளிலோ கலந்து காயவைத்தும், எண்ணெய்ப் பெயிண்டு டப்பாவை இறுக மூடியும், மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தூய்மைப் பணியாளரிடம் விவரம் சொல்லித் தனியே ஒப்படைக்கலாம்.

வரும் போகிக்கு முன்னால் ஒரு நாள் பரணை இறக்கிப் பாருங்கள். நல்லதை மூடி வையுங்கள். அல்லாததை முறையாக அகற்றுங்கள். வீட்டுக்கு அழகு தந்த பொருள் வீட்டாருக்கும் கன்றுகாலிகளுக்கும் தீங்கு செய்யாதிருக்க, அந்த ஒரு நாள் உழைப்பே போதும்.