அச்சப் புனைவில் பெயரும் சொல்லும்: கோட்டயம் புஷ்பநாத்தின் எழுத்துமுறையும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்த மலை. கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறுவோர் பல வேளைகளில் மூடுபனிக்குள்ளேயே ஏற நேரிடும். பனி, காடு, தனிமை என அச்சக் கதைக்கு வேண்டிய களம் அங்கு முழுமையாக உண்டு. ஆயினும், மலையாளத்தில் அச்சப் புனைவைப் பெருந்திரளான வாசகரிடம் கொண்டுசென்ற கோட்டயம் புஷ்பநாத், தாம் நேரில் காணாத கார்ப்பேத்திய மலைத்தொடரைத் தம் கதைகளுக்குக் களமாகக் கொண்டார். இத்தேர்வின் காரணத்தை ஆராய்வது, அவர் எழுத்துமுறையையும் அதனைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் ஒருங்கே விளக்கும்.

எழுத்து வாழ்க்கை

புஷ்பநாத் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றியவர். 1960களின் பிற்பகுதியில் 'சுவன்ன மனுஷ்யன்' என்னும் தொடர்கதை வழியாக அறிமுகமானார். பின்னர் ஆசிரியப் பணியை விடுத்து முழுநேர எழுத்தாளரானார். 2018 மே 2ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவருடைய நாவல்கள் 300ஐக் கடந்திருந்தன. அவற்றுட் பல தமிழ் முதலிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டன.

அவருடைய எழுத்துக்கு உருவம் தந்தது வார இதழ். மனோரமா, மங்களம் என மகரத்தில் தொடங்கும் பெயர்களால் 'ம' வெளியீடுகள் எனக் குறிக்கப்பட்ட இதழ்கள் ஒரே காலத்தில் பல தொடர்களை அவரிடம் வேண்டின. ஒவ்வொரு பகுதியும் விடை காணாத ஒரு வினாவில் முடியவேண்டும் என்பது இதழ் விதித்த இலக்கணம். வெளிநாட்டுக் களங்களுக்கு மார்க்சின், கேரளக் களங்களுக்குப் புஷ்பராஜ் எனத் துப்பறிவாளர் இருவரை அவர் படைத்துக்கொண்டது, இப்பெரும் உற்பத்திக்கு ஏற்ற பங்கீடு எனலாம். அயல்நாட்டு ஊர், சாலை, உணவு பற்றிய செய்திகளை நூல்களினின்றும் இதழ்களினின்றும் திரட்டினார். வரலாற்று ஆசிரியரின் பயிற்சி இங்குப் பயன்பட்டது.

இருவகை ஊற்றுகள்

புஷ்பநாத்தின் ஊரான கோட்டயத்தைச் சேர்ந்தவரே கொட்டாரத்தில் சங்குண்ணி (1855–1937). 1909 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த அவருடைய 'ஐதிஹ்யமாலை', கேரளத்து யக்ஷி மரபுக்கு அச்சு வடிவம் தந்தது. வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்கும் அழகி, மாளிகையாகத் தோன்றும் பனைமரம், விடியலில் எஞ்சும் மயிரும் நகமும் ஆகியவை இம்மரபின் கூறுகள். 'பிரம்மரக்ஷஸ்' போன்ற புஷ்பநாத்தின் நாவல் தலைப்புகள் இவ்வூற்றைச் சார்ந்தவை.

மற்றோர் ஊற்று, அயர்லாந்தில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் (1847–1912) 1897இல் வெளியிட்ட 'டிராகுலா'. இலண்டனில் நாடக அரங்கு ஒன்றின் மேலாளராக இருந்த ஸ்டோக்கரும் தம் கதைக்களமான திரான்சில்வேனியாவை நேரில் கண்டவரல்லர். 1890 முதல் அவர் எழுதிவந்த குறிப்பேடுகள் இன்று பிலடெல்பியாவின் ரோசன்பாக் காட்சியகத்தில் உள்ளன. நூல்களினின்று எடுத்த செய்திகள், காலவரிசை, தொடர்வண்டி நேரங்கள் ஆகியன அவற்றில் இடம்பெறுகின்றன. நாவலும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி என ஆவண வடிவிலேயே அமைந்தது. எனவே புஷ்பநாத் ஸ்டோக்கரிடம் பெறத்தக்கதாயிருந்தது இரத்தம் குடிக்கும் பிரபு என்னும் பாத்திரம் மட்டுமன்று. காணாத நிலத்தை நூலறிவால் கட்டும் முறையும் ஆகும்.

பெயரின் ஒளியும் இருளும்

ஸ்டோக்கரின் குறிப்புகளில் பிரபுவின் பெயர் முதலில் 'வாம்பிர்' என இருந்தது. 1890ஆம் ஆண்டுக் கோடையில் விட்பி என்னும் கடற்கரை ஊரின் நூலகத்தில் வில்லியம் வில்கின்சனின் நூலைப் படித்தபின், அது 'டிராகுலா' என மாற்றப்பட்டது. முன்னைய பெயர் பாத்திரத்தின் இயல்பை வெளிப்படையாகச் சொல்லிவிடும். பின்னைய பெயரோ ஆங்கில வாசகருக்குப் பொருள் விளங்காத ஒலித்தொடர். பொருள் மறைந்த இடத்தில் ஐயம் பிறக்கிறது.

பொன்முடி என்னும் பெயர் மலையாளத்திலும் தமிழிலும் கேட்ட அளவிலேயே பொருள் தருவது. மலைத்தெய்வங்கள் அங்குப் பொன்னைக் காத்துவருகின்றன என்னும் காணிக்காரர் வழக்கும் அப்பெயரினின்றே விளக்கம் பெறுகிறது. விளங்கும் பெயர் தொன்மத்தைத் தரும். அச்சத்தைத் தருதல் அரிது. 'கார்ப்பேத்தியன்' என்பது மலையாள வாசகருக்கு விளங்காத பெயர். புஷ்பநாத்தின் களத்தேர்வு பெற்ற வெற்றிக்கு இவ்வொலி இருளும் ஒரு காரணமாகக் கருதத்தக்கது.

தமிழாக்கச் சிக்கல்கள்

அயற்பெயர்கள் தமிழாக்குவோருக்கு இடர் தருவதில்லை. அவை இருமொழியிலும் ஒரேயளவு இருண்டவை. இடர் தருவன, இருமொழிக்கும் பொதுவாகத் தோன்றும் சொற்களே.

'பிரேதம்' என்னும் சொல் மலையாளத்தில் பிணத்தையும் பேயையும் குறிக்கும். பிரேத விசாரணை என்னும்போது பிணம், பிரேதக் கதை என்னும்போது பேய். இன்றைய தமிழ் வழக்கில் அது பெரும்பாலும் பிணத்தையே குறிக்கும். 'வாசலில் பிரேதம் நின்றது' என்று அப்படியே பெயர்த்தால் தமிழ் வாசகர் திகைப்பார். 'பேய் நின்றது' என்று பெயர்த்தால், இறந்தது உடலா, எழுந்தது ஆவியா என்னும் ஈரடி நீங்கிவிடும். துப்பறிதலும் அச்சமும் இணைந்த புஷ்பநாத்தின் கதைவகைக்கு அவ்வீரடி இன்றியமையாதது. 'உருவம்', 'அது' போன்ற பொதுச்சொற்கள் இங்குப் பொருந்தும்.

'யக்ஷி' என்பதற்கு 'இசக்கி' என எழுதினால், நெல்லை, குமரிப் பகுதிகளில் வழிபடப்பெறும் தாய்த்தெய்வம் நினைவுக்கு வரும். 'இயக்கி' எனின் சமண மரபு தோன்றும். எனவே 'யட்சி' என்னும் கடன்வடிவமே ஏற்புடையது. 'இரத்தக் காட்டேரி' என்னும் வழக்கும் இத்தகையதே. காட்டேரி தமிழகத்தின் சில பகுதிகளில் குலதெய்வம்.

எதிர்த்திசையிலும் இந்நிலை உண்டு. 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது, வேதாளத்தை 'வாம்பயர்' ஆக்கினார். பிணத்துட் புகுந்து புதிர் சொல்லும் வேதாளம், இவ்வொரு சொல்லால் இரத்தம் குடிப்பதாயிற்று.

முடிவுரை

அச்சப் புனைவில் ஆவணம்போன்ற தெளிவும் விளங்காத ஒரு சொல்லும் அருகருகே நிற்கின்றன. தெளிவைத் தெளிவாகவும், இருளை இருளாகவும் பெயர்ப்பதே மொழிபெயர்ப்பாளரின் கடமை. சொல்லை விளக்கிவிடும் ஆர்வம் பிறவகை நூல்களில் நன்மை பயக்கலாம். இவ்வகையில் அது கதையின் உயிரையே போக்கிவிடும்.